இறுக்கித் தைத்த உடுப்பு

என் மூத்த மகளின் புது நன்மை விழாவுக்கு எடுத்த வெள்ளை கவுனை இரண்டு தடவை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. மாதா கோயிலுக்குள் மற்றப் பெண் பிள்ளைகளோடு மெழுகுவர்த்தி பிடித்து வரிசையில் நடந்தபோது அவள் மட்டும் அகலமாகத் தெரிந்தாள். அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. அந்த விழாவுக்கென்றே பாரிஸிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், பிள்ளைகள் 'தாந்த்' என்று கூப்பிடுகிறவள், தன் கணவர் பக்கம் குனிந்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். "குரோஸ்" என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் ஐம்பது தேறினால் அதிகம். குண்டு என்பதற்கான சொல் அதில் ஒன்று.

நான் அரியாங்குப்பத்துப் பெண். அப்பா ஆட்டோ ஓட்டினார். கணவர் வீட்டில் எல்லோரும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். அவரும் பதினேழு வருடம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் குறைத்துப் பேசியதில்லை. அவர்கள் பேசாமல் இருந்ததிலெல்லாம் நானாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு நிஜமான சொல் கையில் கிடைத்தது. அவள் சொன்னது என் பெண்ணை. உறைத்தது எனக்கு.

இரண்டு வருடம் அந்தச் சொல்லை மென்றுகொண்டிருந்தேன். அதற்குள் பெரியவள் ஐந்தாம் வகுப்பு முடித்தாள், சின்னவள் ஒன்றாம் வகுப்பு. சின்னவள் வேறு ரகம். நோஞ்சான். பலமாகக் காற்றடித்தால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் தட்டில் எதைப் போட்டாலும் தின்பாள். பெரியவள் ருசி பார்ப்பவள், பிடித்துவிட்டால் இரண்டாவது தடவை கேட்பாள். இது ஒரு குற்றமே இல்லை என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

போன வருடம் ஏப்ரல் கடைசியில் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. ஜூலையில் வருகிறார்களாம், ஒரு மாதம் இருப்பார்களாம். அதே வாரம் பள்ளியில் அடுத்த வகுப்புக்கான சீருடைத் துணியைக் கொடுத்தார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்ட மூளை என்னுடையது.

எங்கள் ஊரில் வளரும் பிள்ளைக்கு யாரும் அளவெடுத்து அப்படியே தைப்பதில்லை. இடுப்பில் இரண்டு இஞ்ச், கீழே நாலு இஞ்ச் என்று உள்ளே மடித்துத் தைத்து, வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவார்கள். ஜூன் மாதம் எந்தப் பள்ளி வாசலில் நின்று பார்த்தாலும் பாதிப் பிள்ளைகள் யாரோ பெரியவர்கள் உடுப்பை மாட்டிக்கொண்டு வந்தது போலத்தான் நிற்பார்கள். அதுதான் வழக்கம். தையல்காரரும் அதற்குத் தயாராக டேப்பை எடுத்தார். நான் பையிலிருந்து பெரியவளின் நாலாம் வகுப்பு பினோஃபார்மை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"ஒயரத்துக்குப் புள்ளைய அளந்துக்குங்க. இடுப்புக்கு இத வெச்சுத் தைங்க."

அவர் அதை விரித்துப் பார்த்தார். "இது நாலாங் கிளாஸ் உடுப்பாச்சே."

"தெரியும்."

"புள்ள இதுக்குள்ள போவாதேம்மா."

"போவும். பள்ளிக்கூடம் தெறக்கறதுக்குள்ள எளச்சிடுவா."

என் பெண் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். சுவரில் மாட்டியிருந்த நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். "நாப்பது வருசமாத் தைக்கறேன். பெருசாத் தைங்கன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. இறுக்கித் தைக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல," என்றார். பிறகு சின்னவளை அளந்தார். "இதுக்காவது மடிப்பு வெக்கலாமா?" என்று கேட்டார். குத்தலாகத்தான் கேட்டார். தாராளமாக வையுங்கள் என்றேன்.

வரும் வழியிலேயே பெரியவளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பூசி மெழுகுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. "தெறக்கற அன்னிக்கு அந்த ஜிப்பு மேல வரைக்கும் ஏறணும். ஏறலன்னா ஏறாத உடுப்போடதான் ஆறாங் கிளாஸுக்குப் போவ. வேற தைக்க மாட்டேன்."

அவள், "எத்தினி நாள் இருக்கும்மா?" என்று கேட்டாள். ஐந்து வாரம் என்றேன். விரலை மடக்கி ஏதோ எண்ணினாள். அந்த அக்கறையைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்தது.

மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் கால அட்டவணை ஒட்டினேன். நாலு நிற ஸ்கெட்ச் பேனாவில் எழுதியது. ஐந்தரைக்கு எழ வேண்டும். மொட்டை மாடியில் ஸ்கிப்பிங். ஏழு மணிக்கு ராகிக் கூழ் அல்லது கொள்ளுக் கஞ்சி. பள்ளி திறந்ததும் திண்டாடக் கூடாதே என்று விடுமுறையிலேயே டிபன் பாக்ஸும் கட்டி வைத்தேன். ஆளுக்கு இரண்டு. சின்ன டப்பாவில் முளைகட்டிய பாசிப்பயறு, வெள்ளரிக்காய். பெரிய டப்பாவில் சாமைச் சோறு, கீரை, ஒரு முட்டை. பத்தே முக்காலுக்குச் சின்ன டப்பா, பன்னிரண்டரைக்குப் பெரிய டப்பா. பள்ளியில் மணி அடிப்பது போலவே வீட்டிலும் அலாரம் அடிக்கும். நான் எட்டே முக்காலுக்கு ஆபீஸ் போய்விடுவேன். சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் டப்பாக்களைத் திறந்து பார்ப்பேன்.

சட்டம் இரண்டுதான். டப்பா காலியாக இருக்க வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும். டப்பாவில் மிச்சம் இருந்தால், அதைத் தின்று முடிக்கும் வரை பெரியவள் கூடத்து நடுவில் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. முதல் வாரத்தில் இரண்டு நாள் நின்றாள். முளைகட்டிய பயற்றின் வாசனை அவளுக்குக் குமட்டும். எனக்கும் குமட்டும், நான் தின்னவில்லை. இரண்டாவது நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாள். சின்னவள் கதவோரம் உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே டி.வி. பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட டப்பாவில் மிச்சம் இல்லை. கழுவித் துடைத்தது போல் இருக்கும். கண்டித்து வளர்த்தால் பிள்ளை கேட்காதா என்ன என்று தாய்மார்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். அந்தக் குழுவில் ஒருத்தி மைதா இல்லாத கேக் செய்து படம் போடுவாள், இன்னொருத்தி காய்கறியில் மயில் செய்து போடுவாள். அவள் பிள்ளை அந்த மயிலைத் தின்றதா என்று யாரும் கேட்டதில்லை. நான் காலி டப்பாவைப் படமெடுத்துப் போட்டேன். கைதட்டும் பொம்மைகள் வந்து குவிந்தன.

என் கணவர் இருக்கிறாரே, பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர் என்று வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாளெல்லாம் வீட்டில்தான் இருப்பார். பிள்ளைகள் சமையலறை மேஜையில் சாப்பிடும்போது அவர் கூடத்தில் பிரெஞ்சுச் செய்தி பார்ப்பார், அப்புறம் தூங்கிவிடுவார். சாயங்காலம் நடந்துபோய் ரொட்டிக் கடையில் வெண்ணெய் மணக்கும் குருவாசான் ரொட்டி வாங்கி வந்து பெரியவளுக்கு ஒளித்துக் கொடுக்கப் பார்த்தார். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். அதை வாங்கி இரண்டாகப் பிய்த்து இரண்டு பாதியையும் சின்னவளிடம் கொடுத்தேன். தின்னு, அக்கா பார்க்கட்டும் என்றேன்.

"புள்ளய புள்ளயா வுடு," என்றார் அவர்.

"ஒங்க தங்கச்சிகிட்ட போய்ச் சொல்லுங்க," என்றேன். அவருக்கு எதுவும் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வந்ததும் பரீட்சை. புது பினோஃபார்மைப் போட்டுக்கொண்டு பீரோ கண்ணாடி முன் நிற்க வேண்டும். முதல் ஞாயிறு ஜிப் பாதிகூட ஏறவில்லை. நான் சாக்பீஸால் ஜிப் ஓரத்தில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டேன். அடுத்த ஞாயிறு அதற்கு மேலே ஒரு கோடு. அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. ஒவ்வொரு கோட்டுக்கும் சின்னவள் குதித்துக் கைதட்டுவாள். அக்காவைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். பெரியவள் கண்ணாடியைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். நல்லா இருக்கு, இன்னும் நாலு விரல்கடைதான் என்பேன். அந்த விடுமுறை முழுக்க நான் அவளிடம் நல்லபடியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் பீச்சுக்குக் கூட்டிப்போவேன். அதுவும் நடைப்பயிற்சிக்குத்தான். ஒரு தடவை சின்னவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அவள் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. கட்டிவிடக் குனியும் முன் ஐஸ்கிரீமை அக்காவிடம் பிடிக்கக் கொடுத்தேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம், கணவர் பக்கத்திலேயே இருந்தார். என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று அவளிடம்தான் கொடுத்தேன். ஐஸ்கிரீம் உருகி அவள் விரல் வழியாக மணிக்கட்டு வரை ஒழுகியது. அவள் நக்கவில்லை. சின்னவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தேறிவிட்டாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மே மாதம் முடியும்போது எல்லோருக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆபீசில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் பெரியவளின் போட்டோவைப் பார்த்து என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார்கள். வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மா, "சின்னது தேறிடுச்சே, கன்னமெல்லாம் வந்துருக்கு," என்றாள். அதையும் என் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன். குண்டுப் பிள்ளை இளைக்கிறது, நோஞ்சான் பிள்ளை தேறுகிறது. ஒரே சாப்பாட்டில் இரண்டும் நடக்குமா என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. புகழ்கிறவர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்கிற ஆளில்லை நான்.

பெரியவள் பேச்சைக் குறைத்துவிட்டாள். பகலிலேயே படுத்துக்கொள்கிறாள் என்று கணவர் சொன்னார். சீப்பில் முடி கொத்தாக வந்தது. எண்ணெயை மாற்றினேன். "மொகத்துல களையே இல்லயே," என்றார் அவர். நீங்கள் பட்டாளத்தில் ஓடியதில் பாதி ஓடினால் களை தானாக வரும் என்று வாயை அடைத்தேன். அவள் அடங்கிவிட்டாள் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. அடங்கிய பிள்ளை எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் பிறந்தும் வெயில் குறையவில்லை. பள்ளி திறப்பை இரண்டு வாரம் தள்ளி வைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரே புலம்பல், இன்னும் எத்தனை நாள் இந்தப் பிள்ளைகளை மேய்ப்பது என்று. எனக்கு மட்டும் மனசு குளிர்ந்தது. ஜிப் ஏற இன்னும் இரண்டு விரல்கடை பாக்கி இருந்தது. சமையலறைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னேன். பெரியவள் அழுதாள். பள்ளிக்கூடம் தள்ளிப் போனதற்கு அழுகிற பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன். படிப்பில் எவ்வளவு ஆர்வம் பார் என்று கணவரிடம் சொல்லிச் சிரித்தேன்.

கடைசியில் பள்ளி திறந்தது. அன்று காலை நானே பெரியவளுக்கு பினோஃபார்மை மாட்டினேன். ஜிப்பைப் பிடித்து இழுத்தேன். எங்கும் நிற்காமல் மேல் வரைக்கும் ஏறியது. ஏறியது மட்டுமில்லை, இடுப்பில் என் இரண்டு விரல் உள்ளே போனது. நாலாம் வகுப்பு அளவில் தொளதொளவென்று நின்றாள். அவளைச் சுவரோரம் நிறுத்தி, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படமெடுத்தேன். சிரி என்றேன். சிரித்தாள். பாரிஸில் இன்னும் பொழுது விடிந்திருக்காது, எழுந்ததும் முதலில் இதைப் பார்க்கட்டும் என்று நாத்தனாருக்கு அனுப்பினேன். அந்த ஐந்து நிமிடம் நான் இருந்த சந்தோஷத்தில் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

பிறகு சின்னவளைக் கூப்பிட்டேன். அவள் பினோஃபார்மைத் தைத்து வாங்கி வந்ததோடு சரி, யாரும் போட்டுப் பார்க்கவே இல்லை. தலை வழியாக இறக்கினேன். வயிற்றில் வந்து நின்றது. இழுத்துவிட்டு ஜிப்பைப் பிடித்தால் பாதிக்கு மேல் நகரவில்லை. தையல்காரர் ஆத்திரத்தில் மாற்றித் தைத்துவிட்டார் என்று நினைத்தேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இரண்டு இஞ்ச் மடிப்பு அப்படியே இருந்தது. அளவு சரியாகத்தான் இருந்தது. பிள்ளைதான் வேறாக இருந்தாள்.

"என்னடி தின்ன?" என்றேன்.

அவள் அக்காவைப் பார்த்தாள். பெரியவள் தலையை லேசாக ஆட்டினாள், சொல்லாதே என்பது போல. நான் சின்னவளின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அக்கா டப்பாவும் நாந்தாம்மா சாப்ட்டேன்."

"என்னிக்கு?"

"தெனமும். கஞ்சியும் நாந்தான். நீ குளிக்கப் போவசொல்ல."

அப்படியானால் ஆறு வாரமாகப் பெரியவள் பகலெல்லாம் ஒன்றும் தின்னவில்லை. ராத்திரி என் கண் முன்னால் தின்கிற இரண்டு இட்லிதான் அவள் சாப்பாடு. நான் நாலு நிறத்தில் எழுதி, முளைகட்டி, ஆய்ந்து, வேக வைத்ததெல்லாம் ஆறு வயதுப் பிள்ளையின் வயிற்றுக்குள் இரட்டையாகப் போயிருக்கிறது.

"ஏண்டி சாப்ட்ட?"

"டப்பா காலி ஆவலன்னா நீ அக்காவ நிக்க வெப்ப இல்ல," என்றாள். பிறகு, "வயிறு வலிக்கும்மா. அக்காதான் தடவிக் குடுக்கும்," என்றாள்.

வாசலில் கணவர் வண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, நேரமாகிறது என்று குரல் கொடுத்தார். அந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வருடத்தில் படுத்தால், எழுந்தால், பஸ்ஸில் நின்றால் அதைத்தான் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குச் செய்தது வேறு. சின்னவளின் வயிற்றில் விரலால் குத்தி, "ஒருத்திய எறக்கினா இன்னொருத்தி ஏறிக்கிட்டியா? ஜூலைக்குள்ள ஒன்னையும் இதே மாதிரி எளைக்க வெக்கறேன் பாரு," என்றேன்.

சின்னவள் அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். பெரியவள் வந்து அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உட்காரும்போது அந்த உடுப்பு எங்கேயும் பிடிக்கவில்லை. தங்கச்சியின் மூக்கைத் துடைத்துவிட்டு, பொறுமையாக, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கிற குரலில் சொன்னாள்.

"அழாத பாப்பா. சாப்டாம இருக்கறது எப்படின்னு அக்கா ஒனக்குச் சொல்லித் தரேன். மொத கொஞ்ச நாளுதான் கஷ்டமா இருக்கும்."

நான் கேட்டேன். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன். கீழே விழுந்து இரண்டு பேரையும் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். என் கண் அப்போதும் பெரியவளின் இடுப்பில்தான் இருந்தது. உடுப்பு இவளுக்கு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.